பால்வீதியின் நடுவில் இருக்கும் பட்டை: முரண்படும் மாதிரிகளை நீங்களே சோதித்துப் பார்ப்பது எப்படி

பால்வீதியை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்த படங்களை இணையத்தில் தேடிப் பாருங்கள். ஒன்றில் நடுவே, நட்சத்திரங்கள் நீளவாக்கில் திரண்டு, குட்டையான, தடித்த பட்டையாக இருக்கும். இன்னொன்றில் அது மெலிந்து நீண்டு சுருள் கைகளின் அடிவரை போயிருக்கும். சூரியனைப் பார்த்து அது சாய்ந்திருக்கும் கோணமும் படத்துக்குப் படம் வேறாக இருக்கும். என் பிளஸ் டூ பிள்ளைகள் இந்தப் படங்களைப் போனில் எடுத்துக்கொண்டு வந்து, "எது மிஸ் சரி?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. அதற்கு ஒரு படத்தைத் தொட்டுக் காட்டிப் பதில் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் ஓர் அளவீடு இருக்கிறது. அதை எந்த வகை நட்சத்திரத்தை வைத்து எடுத்தார்கள், பால்வீதியின் தட்டையான தளத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் எடுத்தார்கள், எதை முன்கூட்டியே நம்பிக்கொண்டு கணக்குப் போட்டார்கள் என்ற மூன்றையும் கேட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். மீதிப் பாதிதான் உண்மையான சண்டை. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன். ஒரு கால்குலேட்டரும் சுமாரான ஒரு லேப்டாப்பும் போதும்.

முதலில் இடத்தைக் கண்ணால் பாருங்கள்

கணக்குக்கு முன்னால் வானம். எங்கள் திருப்பத்தூர்ப் பக்கம் ஜவ்வாது மலையில் ஏறினால் இருட்டு நன்றாகக் கிடைக்கும். காவலூர் வானாய்வகம் அங்கே அமைந்ததற்கும் அதுதான் ஒரு காரணம். ஆனி, ஆடியில் நள்ளிரவையொட்டி பால்வீதியின் மையம் தெற்கில் உச்சிக்கு வந்தாலும் மேகம் விடாது. சித்திரை மாதத்துப் பின்னிரவுதான் நமக்குத் தோது. விடியற்காலை இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் அது தெற்கே ஏறத்தாழ 48° உயரத்தில் நிற்கும். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு அடிவானப் புகையில் தட்டுத்தடுமாறித் தெரிகிற பகுதி நமக்கு நடுவானத்துக்கும் அடிவானத்துக்கும் பாதி வழியில் வந்து நிற்கிறது. இந்தக் கொடுப்பினையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

சிவப்பாக மின்னும் கேட்டையில் தொடங்கி விருச்சிகத்தின் வால் வளைவைப் பிடித்துக்கொண்டே போனால், கொடுக்கில் அடுத்தடுத்து இரண்டு நட்சத்திரங்கள். அதுதான் மூலம். அதற்கு இடதுபுறம், பூராடமும் உத்திராடமும் சேர்ந்த கூட்டம் ஒரு கெட்டில் வடிவத்தில் தெரியும். கெட்டிலின் மூக்கு நுனியில் இருப்பது காமா சாஜிட்டாரி. அந்த நுனியிலிருந்து, கையை நீட்டி மூன்று விரல் அகலம் வலப்பக்கமாக, கொஞ்சம் மேலே போனால் பால்வீதியின் மையம். அங்கே கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நமக்கும் அதற்கும் நடுவில் உள்ள தூசி பார்வை ஒளியை விழுங்கிவிடுகிறது. ஆனால் மூக்கு நுனிக்கு மேலே ஆவி பறப்பதுபோல் ஒரு வெளிச்சத் திட்டு தெரிகிறதே, அது தூசி குறைந்த ஒரு சந்து வழியாகத் தெரியும் நடுப் புடைப்பின், அதாவது மையத்தைச் சுற்றி நட்சத்திரங்கள் நெருங்கிப் புடைத்திருக்கும் இடத்தின், ஒரு பகுதியேதான். காமா சாஜிட்டாரிக்கு அரை டிகிரி சொச்சம் தள்ளி என்ஜிசி 6522 என்ற நட்சத்திரக் கொத்து இருக்கிறது. அதைச் சுற்றிய இடத்துக்குப் பாடே ஜன்னல் என்று பெயர். 1940-களில் மவுன்ட் வில்சனில் இருந்த வால்டர் பாடே, மையத்துக்குப் பக்கத்தில் உள்ள நட்சத்திரங்களைப் பிடிக்க இந்த வழியாகத்தான் பார்த்தார். கீழே வரும் கணக்குகளுக்கெல்லாம் இது ஓர் அடையாளப் புள்ளி.

இரண்டு எண்கள் மனசில் நிற்கட்டும். கேலக்டிக் தீர்க்கரேகை மையத்தில் பூஜ்யம். தெற்கு பார்த்து நின்றால், பால்வீதி வழியே மேலே இடப்பக்கமாகப் போகப் போக அது கூடும். கொடுக்குப் பக்கம் இறங்கினால் மைனஸ். கேலக்டிக் அட்சரேகை என்பது பால்வீதித் தளத்துக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்பது. பாடே ஜன்னல் தீர்க்கரேகை 1°, அட்சரேகை மைனஸ் 4°.

சண்டை எங்கே தொடங்கியது

1957-இல் வான் வோர்டன், ரோகூர், ஓர்ட் மூவரும் ஹைட்ரஜன் வாயுவின் ரேடியோ அலைகளை அளந்தபோது, மையத்தின் திசையில், அதற்கு முன்னால் நம் பக்கத்தில், ஒரு வாயுக் கை நம்மை நோக்கி விநாடிக்கு 53 கிலோமீட்டர் வேகத்தில் வருவதைக் கண்டார்கள். வட்டப்பாதையில் சுற்றும் வாயு அந்தத் திசையில் குறுக்காகத்தான் போக வேண்டும். நம்மை நோக்கி வரக் கூடாது. மையத்திலிருந்து ஏதோ வாயுவை வெளியே எறிகிறது என்பது ஒரு விளக்கம். 1964-இல் வெளியான கட்டுரையில் ழெரார் டி வோகூலர் வேறொன்று சொன்னார்: நடுவில் ஒரு பட்டை இருந்தால், அதன் இழுப்பில் வாயு நீள்வட்டமாகச் சுற்றும், அப்போது இப்படித்தான் தெரியும். அந்தக் கருத்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஓரமாகவே கிடந்தது. 1991-இல் ஜேம்ஸ் பின்னி, ஆர்ட்வின் கெர்ஹார்ட் குழுவினர் மையத்து வாயுவின் வேகங்களைப் பட்டையின் பாதைகளாகவே விளக்கிக் காட்டினார்கள். அதே ஆண்டு பிளிட்ஸ், ஸ்பெர்கல் இருவரும் பலூனில் எடுத்த அகச்சிவப்பு அளவீடுகளில் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடப் பிரகாசமாக இருப்பதைக் காட்டினார்கள். பிறகு கோபி செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படங்கள் வந்தன. நடுப் புடைப்பு உருண்டையாக இல்லை. பெட்டிபோல் இருந்தது, பிளஸ் தீர்க்கரேகைப் பக்கம் கொஞ்சம் பெருத்தும் இருந்தது.

2008-இல் தாமஸ் டேமும் பேட்ரிக் தாடியஸும் மையத்துக்கு அப்பால், அதே அளவு வேகத்தில் நம்மைவிட்டு விலகும் இன்னொரு கையைக் கண்டார்கள். இந்த ஜோடியைக் காட்டிலும் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. பட்டை இருக்கிறது, அதில் இன்று தகராறு இல்லை. அதன் கோணம், நீளம், வேகம், உருவம் ஆகியவற்றில்தான் தகராறு.

கோணம்: கால்குலேட்டர் எடுங்கள்

இருட்டில் தெருமுனையில் நின்றுகொண்டு, தூரத்தில் குறுக்காக நிறுத்தியிருக்கும் லாரியைப் பாருங்கள். அதன் ஓரமெல்லாம் ஒரே மாதிரி பல்பு கட்டியிருந்தால், நம் பக்கம் நீண்ட முனையின் பல்புகள் பளிச்சென்றும் அந்தப் பக்க முனையின் பல்புகள் மங்கலாகவும் இருக்கும். அந்த வித்தியாசத்தை வைத்தே லாரி எவ்வளவு திரும்பி நிற்கிறது என்று சொல்லிவிடலாம். பால்வீதியில் அந்த ஒரே மாதிரி பல்புகள் ரெட் கிளம்ப் நட்சத்திரங்கள். ஹைட்ரஜன் தீர்ந்து, மையத்தில் ஹீலியத்தை எரித்துக்கொண்டிருக்கும் சிவப்பு ராட்சதர்கள் இவை. எடை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் இவற்றின் பிரகாசம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். அகச்சிவப்பில், கே அலைவரிசையில், இவற்றின் உண்மையான மேக்னிட்யூட் சுமார் மைனஸ் 1.6. மேக்னிட்யூட் என்பது பிரகாசத்தின் அளவு; எண் கூடினால் வெளிச்சம் குறைவு.

1994-இல் ஸ்டானெக்கும் ஓகிள் என்ற வானாய்வுத் திட்டத்தின் குழுவினரும் சிலியில் லாஸ் கம்பனாஸிலிருந்து எடுத்த அளவீடுகளை வைத்து, தீர்க்கரேகை பிளஸ் 5°-இல் இருக்கும் ரெட் கிளம்ப், மைனஸ் 5°-இல் இருப்பதைவிட 0.37 மேக்னிட்யூட் பிரகாசமாக இருப்பதைக் காட்டினார்கள். இதிலிருந்து கோணத்தை நீங்களே எடுக்கலாம். பட்டை ஒரு மெல்லிய கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 10-ஐ 0.37 ÷ 5 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் 1.186 வரும். அதுதான் அந்தப் பக்க முனையின் தூரத்துக்கும் இந்தப் பக்க முனையின் தூரத்துக்கும் உள்ள விகிதம். நம்மையும் மையத்தையும் இணைக்கும் கோட்டுக்கும் பட்டைக்கும் இடையிலுள்ள கோணம்தான் சாய்வு. அதன் டேன் மதிப்பு என்பது டேன் 5° × (விகிதம் + 1) ÷ (விகிதம் − 1). போட்டுப் பாருங்கள், சுமார் 46° வரும்.

இப்போது தலைகீழாக ஒரு சோதனை. பின்னால் வந்த ஆய்வுகள் சொல்வதுபோல் சாய்வு 27° என்று வைத்து, தூரம் = 8.2 × சைன்(சாய்வு) ÷ சைன்(சாய்வு + தீர்க்கரேகை) என்ற வாய்பாட்டில் போடுங்கள். 8.2 என்பது நமக்கும் மையத்துக்கும் உள்ள தூரம், கிலோபார்செக்கில். ஒரு கிலோபார்செக் சுமார் 3,260 ஒளியாண்டு. பிளஸ் 5°-இல் 7.0, மைனஸ் 5°-இல் 9.9 வரும். மேக்னிட்யூடில் வித்தியாசம் 0.75. அளந்ததோ 0.37. அப்படியானால் 27° தவறா?

இல்லை. இதே ஸ்டானெக் குழு 1997-இல், பட்டைக்கு அகலமும் தடிமனும் கொடுத்து முப்பரிமாணத்தில் பொருத்தியபோது 20° முதல் 30° வரை வந்தது. காரணம் இதுதான்: பட்டை தடிமனாக இருந்தால், நம் பார்வைக்கோட்டில் நட்சத்திரங்கள் அதிகம் நெருங்கும் இடம் பட்டையின் நடுக்கோட்டில் விழாது; மையத்தின் தூரத்தை ஒட்டி நகர்ந்துவிடும். அதனால் இரண்டு பக்கமும் உள்ள வித்தியாசம் குறைந்து தெரியும். அதைக் கோடு என்று எண்ணிக் கணக்குப் போட்டால் கோணம் ஊதிவிடும். அளவீடு ஒன்றுதான், ஒரு தசமம்கூட மாறவில்லை, ஆனாலும் அனுமானம் மாறியதும் விடை பாதியாகிவிட்டது. ஒரு மாதிரியை இன்னொன்றோடு ஒப்பிடுவதற்கு முன்னால் அனுமானத்தைத் தேடுங்கள் என்று நான் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இந்த ஒரு கணக்கே போதும். பிற்பாடு 2013-இல் கிறிஸ்டோபர் வெக்கும் கெர்ஹார்டும் விவிவி என்ற அகச்சிவப்பு ஆய்வின் தரவை வைத்து 27° என்று இறுக்கிக் கட்டினார்கள்.

தரவை இறக்கிப் பாருங்கள்

மேலே சொன்னதை நம்ப வேண்டாம், பாருங்கள். டாப்கேட் என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்து மார்க் டெய்லர் எழுதியது. பழைய லேப்டாப்பிலும் ஓடும், ஜாவா இருந்தால் போதும். தரவு ஸ்டிராஸ்பூர்க்கில் இருக்கும் விசியர் களஞ்சியத்திலிருந்து வரும். இணையப் பக்கம் வழியாகப் போனால் வரிகளின் உச்ச எண்ணிக்கை 50 என்று இருக்கும். அதை வரம்பற்றதாக மாற்ற மறக்காதீர்கள். ஐம்பது நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு பால்வீதியைத் தேடி அலுத்துப்போனவர்கள் பலர்.

தொடக்கத்துக்கு டூமாஸ் பட்டியலை எடுங்கள். வானம் முழுவதையும் அகச்சிவப்பில் அளந்த பட்டியல் அது. மையத்துக்கு நேர் கீழே, தீர்க்கரேகை 0°, அட்சரேகை மைனஸ் 8° என்ற இடத்தைச் சுற்றி ஒரு டிகிரி வட்டம் கேளுங்கள். ஏன் அவ்வளவு கீழே? தளத்தை ஒட்டிப் போனால் தூசியும் நெரிசலும் டூமாஸைத் திணறடிக்கும். மைனஸ் 8°-இல் வானம் ஓரளவு சுத்தம். தர அடையாளம் மூன்று அலைவரிசையிலும் 'ஏ' என்று இருப்பவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து தூசித் திருத்தம். ஜே என்பது கே போல இன்னோர் அகச்சிவப்பு அலைவரிசை; இரண்டிலும் உள்ள மேக்னிட்யூடின் வித்தியாசமே ஜே − கே நிறம், அது கூடினால் நட்சத்திரம் சிவப்பு. ரெட் கிளம்ப் நட்சத்திரத்தின் இயல்பான ஜே − கே நிறம் சுமார் 0.65. அதைவிட எவ்வளவு சிவந்திருக்கிறதோ அதில் ஏறக்குறைய பாதி, கே அலைவரிசையில் தூசி விழுங்கிய வெளிச்சம். ஆகவே திருத்திய கே = கே − 0.5 × (ஜே − கே − 0.65). டாப்கேட்டில் புதுப் பத்தியாக இதைச் சேர்த்துவிடலாம். இந்த 0.5 என்ற எண்ணிலும் ஆராய்ச்சியாளர்கள் ஒத்துப்போவதில்லை. மையத்துத் தூசி மற்ற இடத்துத் தூசிபோல் நடந்துகொள்வதில்லை என்பதால் ஆளுக்கு ஓர் எண் எடுப்பார்கள். மைனஸ் 8°-இல் தூசி குறைவு, எனவே எதை எடுத்தாலும் பெரிதாகப் பாதிக்காது. தளத்துக்கு ஒரு டிகிரி பக்கத்தில் போய் இதே வேலையைச் செய்தால், தூசிக்கு வைத்த எண் ஒன்றே பட்டையை நகர்த்திவிடும். தளத்தை ஒட்டிய முடிவுகளைப் படிக்கும்போது இதைக் கவனியுங்கள்.

இனி ஜே − கே நிறம் சுமார் 0.5-க்கும் 0.9-க்கும் இடையில் இருப்பவற்றை மட்டும் வைத்து, திருத்திய கே மதிப்புக்கு 0.05 அகலத்தில் ஹிஸ்டோகிராம் போடுங்கள். மங்கலான பக்கம் எண்ணிக்கை சீராக ஏறிக்கொண்டே போகும். அந்த ஏற்றத்தின் மேல் 12.6-ஐ ஒட்டி ஒரு மேடு, 13.2-க்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு மேடு. மையத்தின் தூரத்தில் ஒரே கொத்தாக இருந்தால் 13-ஐ ஒட்டி ஒரே மேடுதான் வர வேண்டும். வருவது இரண்டு.

இரண்டு மேடுகளுக்கு இரண்டு விளக்கங்கள்

2010-இல் ஆண்ட்ரூ மெக்வில்லியமும் மானுவேலா சொக்காலியும் ஒரு பக்கம், டேவிட் நடாஃப் குழு இன்னொரு பக்கம், தனித்தனியே இதைக் கண்டார்கள். அவர்கள் சொன்ன விளக்கம்: பட்டை தடித்து, மேலும் கீழும் புடைத்து, பக்கவாட்டில் இருந்து பார்த்தால் பெருக்கல் குறிபோல் இருக்கிறது. மைனஸ் 8°-இல் நம் பார்வைக்கோடு அந்தப் பெருக்கல் குறியின் இந்தப் பக்கக் காலையும் அந்தப் பக்கக் காலையும் வெட்டிப் போகிறது. அதனால் இரண்டு தூரங்கள், இரண்டு மேடுகள். மற்ற கேலக்ஸிகளில் பக்கவாட்டாகத் தெரியும் பட்டைகள் பல இப்படித்தான் நிலக்கடலை வடிவில் இருக்கின்றன. 2016-இல் மெலிசா நெஸ்ஸும் டஸ்டின் லாங்கும் வைஸ் செயற்கைக்கோள் படங்களில் பின்னணியைக் கழித்துப் பார்த்தபோது அந்தப் பெருக்கல் குறி வெறும் படத்திலேயே தெரிந்தது.

கொரியாவின் யோன்செய் பல்கலைக்கழகத்து யங்-வூக் லீ குழு 2015-இல் மறுத்தது. இரண்டு மேடும் ஒரே தூரத்தில்தான், நட்சத்திரங்கள்தான் இரண்டு வகை என்றார்கள். பழைய நட்சத்திரங்கள் பந்துபோல் திரண்ட உருண்டைக் கொத்துகளில் இரண்டாம் தலைமுறை நட்சத்திரங்களில் ஹீலியம் அதிகம். அது ரெட் கிளம்பைப் பிரகாசமாக்கும். புடைப்பிலும் அதே கதைதான் என்பது அவர்கள் வாதம். இதைத் தள்ளிவிட்டுப் போகக் கூடாது. டெர்சான் 5 என்ற கொத்தில் அப்படி இரட்டை ரெட் கிளம்ப் உண்மையிலேயே இருக்கிறது.

இரண்டில் எது என்பதை நீங்களே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அட்சரேகையை மைனஸ் 8°-இலேயே வைத்துக்கொண்டு, தீர்க்கரேகையைப் பிளஸ் 5°, மைனஸ் 5° என்று மாற்றித் தரவை மறுபடி இறக்குங்கள். பிளஸ் பக்கம் போகப் போகப் பிரகாசமான மேடு ஓங்கி மங்கலானது தேயும். மைனஸ் பக்கம் அப்படியே எதிர்மாறு. சாய்ந்த பட்டையின் இரண்டு கால்கள் என்றால் இது இயல்பாக வந்து விழும். வேதியியல் வித்தியாசம் மட்டுமே காரணம் என்றால், எந்தத் திசையில் பார்த்தாலும் இரண்டு வகையும் ஒரே கலவையில் அல்லவா இருக்க வேண்டும்? கூடவே பட்டையும் இருக்கிறது என்று சேர்த்துக்கொண்டு லீ குழு இதற்குப் பதில் சொல்கிறது. என் மனம் பெருக்கல் குறிப் பக்கமே சாய்கிறது. இன்னொரு காரணம்: இரும்புச் சத்து அதிகமுள்ள நட்சத்திரங்களில்தான் இந்தப் பிளவு தெரிகிறது, குறைவானவற்றில் தெரிவதில்லை.

ஒரு எச்சரிக்கை. ரெட் கிளம்புக்கு ஏறத்தாழ 0.7 மேக்னிட்யூட் மங்கலாக, சிவப்பு ராட்சதக் கிளையின் மேடு என்று இன்னொன்று உண்டு. அது தூரத்தால் வருவதில்லை. ராட்சத நட்சத்திரம் வளரும்போது ஒரு கட்டத்தில் தாமதிப்பதால் வருவது. சின்ன மேடு. பாடே ஜன்னலில், ரெட் கிளம்ப் ஒன்றாக இருக்கும் இடத்தில், முதலில் இதைப் பார்த்துப் பழகிக்கொண்டால் மைனஸ் 8°-இல் ஏமாற மாட்டீர்கள். ஆனால் பாடே ஜன்னலுக்கு டூமாஸ் பற்றாது. நெரிசலில் மங்கலானவை தொலைந்துவிடும். சிலியின் பரனாலில் 4.1 மீட்டர் விஸ்டா தொலைநோக்கியால் எடுத்த விவிவி பட்டியல் விசியரிலேயே இருக்கிறது. அதில் கால் டிகிரி வட்டம் தாராளம். ஸ்டானெக்கின் 0.37 சோதனையையும், அட்சரேகை மைனஸ் 4°-இல், அதே பட்டியலை வைத்துச் செய்யலாம்.

நீளமும் வேகமும் சேர்ந்தே வரும்

2005-இல் ராபர்ட் பெஞ்சமின் குழு ஸ்பிட்சர் தொலைநோக்கித் தரவிலிருந்து, தளத்தை ஒட்டி ஒரு நீண்ட பட்டை, சாய்வு 44°, அரை நீளம் 4.4 கிலோபார்செக் என்றது. அரை நீளம் என்பது மையத்திலிருந்து நுனிவரை; கீழே வெறுமனே நீளம் என்று சொல்வதும் இதையே. ஸ்பெயினில் பணியாற்றிய ஆய்வாளர்கள் ஹாமர்ஸ்லியும் லோபஸ்-கோரிடோய்ராவும் அதற்கு முன்பிருந்தே இப்படி ஒன்றைச் சொல்லிவந்தார்கள். தடித்த புடைப்போ 27° பக்கம். ஆகவே கொஞ்ச காலம் பால்வீதிக்கு ஒன்றையொன்று வெட்டும் இரண்டு பட்டைகள் இருந்தன, காகிதத்தில். அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு எடையுள்ள இரண்டு பட்டைகள் வெவ்வேறு கோணத்தில் நிலைப்பது கஷ்டம். ஒன்றின் ஈர்ப்பு மற்றதை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். 2015-இல் வெக், கெர்ஹார்ட், போர்ட்டேல் மூவரும் பல ஆய்வுகளின் ரெட் கிளம்ப் தரவை ஒன்றாக்கிப் பார்த்து, நீண்ட பட்டையின் சாய்வு 28° முதல் 33°, அரை நீளம் சுமார் 5 கிலோபார்செக் என்றார்கள். தடித்த நடுப்பகுதியும் மெலிந்த நீண்ட நுனிகளும் ஒரே பட்டையின் பகுதிகள். 'எந்த உயரத்தில் அளந்தார்கள்' என்ற கேள்வியின் பலன் இங்கே தெரியும். புடைப்பை அளந்தவர்கள் தளத்துக்கு மேலே பார்த்தார்கள், நீண்ட பட்டையை அளந்தவர்கள் தளத்திலேயே பார்த்தார்கள்.

வேகத்துக்கு வருவோம். பட்டை முழுதும் ஒரே கோணவேகத்தில் சுழல்கிறது. நட்சத்திரங்கள் அதற்குள் தம் பாதையில் ஓடுகின்றன. 1999-இல் வால்டர் டேனன் விநாடிக்கு, ஒரு கிலோபார்செக்குக்கு, 53 கிலோமீட்டர் என்றார். அதாவது மையத்திலிருந்து ஒவ்வொரு கிலோபார்செக் தள்ளிப் போகும்போதும் வேகம் விநாடிக்கு 53 கிலோமீட்டர் கூடும். நம் சூரியனுக்குப் பக்கத்தில் ஹெர்குலஸ் ஓடை என்று ஒரு நட்சத்திரக் கூட்டம், சுழற்சியில் பின்தங்கி, வெளிநோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. பட்டையின் ஒத்ததிர்வு ஒன்று, அதாவது நட்சத்திரத்தின் பாதையும் பட்டையின் சுழற்சியும் தாளம் ஒத்துப்போகும் ஓர் ஆரம், சூரியனுக்குச் சற்று உள்ளே விழுவதால் இந்த ஓடை உண்டாகிறது என்பது அவர் கணக்கு. 2017-இல் போர்ட்டேல் குழு புடைப்பின் நட்சத்திர வேகங்களிலிருந்து 39 என்றது. 2019-இல் சாண்டர்ஸ், ஸ்மித், எவன்ஸ் மூவரும் விவிவி ஆய்வு, நட்சத்திரங்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கயா செயற்கைக்கோள் இரண்டின் அளவீடுகளைச் சேர்த்து 41 என்றார்கள். 2022-இல் கிளார்க், கெர்ஹார்ட் இருவரும் 33 என்றார்கள்.

இதை உரசிப் பார்க்க ஒரே ஒரு வகுத்தல் போதும். பால்வீதியின் சுழற்சி வேகம் ஏறத்தாழ விநாடிக்கு 235 கிலோமீட்டர், தூரம் கூடினாலும் அதிகம் மாறாது. அதைப் பட்டையின் வேகத்தால் வகுத்தால், பட்டையும் நட்சத்திரங்களும் ஒரே வேகத்தில் சுற்றும் ஆரம் கிடைக்கும். 53-க்கு 4.4 கிலோபார்செக். 40-க்கு 5.9. 33-க்கு 7.1. பட்டைக்குத் தூணாக நிற்கும் நீண்ட பாதைகள் இந்த ஆரத்துக்கு உள்ளேதான் இருக்க முடியும். அதைத் தாண்டிப் பட்டை நீள முடியாது. ஆகவே 5 கிலோபார்செக் நீளமும் 53 வேகமும் ஒன்றாக வாழ முடியாது. ஒரு கட்டுரையிலிருந்து நீளத்தையும் இன்னொன்றிலிருந்து வேகத்தையும் எடுத்து ஒட்டிய படங்கள் நிறையச் சுற்றுகின்றன. இந்த வகுத்தலில் அவை விழுந்துவிடும்.

சொற்களிலும் கவனம் வேண்டும். இந்த ஆரத்தைப் பட்டையின் நீளத்தால் வகுத்து, விடை 1.4-க்குக் கீழே இருந்தால் வேகப் பட்டை, மேலே இருந்தால் மெதுப் பட்டை என்பது ஒரு வழக்கம். 40 என்ற வேகத்தை 53-ஓடு ஒப்பிட்டு மெதுவானது என்பது இன்னொரு வழக்கம். வேகம் 40, நீளம் 5 என்றால் 5.9 ÷ 5 = 1.2. அதாவது ஒரு கட்டுரையில் மெதுவான பட்டை, இன்னொன்றில் வேகமான பட்டை, இரண்டும் ஒரே பட்டை.

ஹெர்குலஸ் ஓடை என்ன ஆனது? வேகம் 40 என்றால் டேனன் சொன்ன ஒத்ததிர்வு 10 கிலோபார்செக்குக்குப் போய்விடும், சூரியனைத் தாண்டி. அப்போது ஓடையை விளக்க, 5.9 ஆரத்தில் பட்டையோடு சேர்ந்து சுற்றும் நட்சத்திரங்களில் சில சூரியன்வரை வந்து போகின்றன என்கிறார்கள். 2017-இல் பெரெஸ்-வில்லேகாஸ் குழு அப்படிக் காட்டியது. ஆக, ஹெர்குலஸ் ஓடையை மட்டும் வைத்து வேகத்தை முடிவு செய்ய முடியாது. இரண்டு வேகத்துக்கும் அது பொருந்துகிறது.

இங்கேதான் உண்மையான சண்டை மிச்சமிருக்கிறது. 2023-இல் மேடலின் லூசி குழு, கயா தரவில் நட்சத்திரங்களின் பாதைகளையே போட்டுப் பார்த்து, பட்டையில் சிறைப்பட்டவை 3.5 கிலோபார்செக் வரைதான் இருக்கின்றன என்றது. அதற்கு மேல் நீளமாகத் தெரிவது, பட்டை நுனியைத் தொட்டுக்கொண்டிருக்கும் சுருள் கையாக இருக்கலாம். கை தொடும்போது பட்டை நீண்டும், விலகும்போது குறுகியும் தெரியும் என்று கணினி மாதிரிகள் ஏற்கெனவே காட்டியிருந்தன. நட்சத்திரங்களை எண்ணினால் 5. பாதைகளைப் பார்த்தால் 3.5. இதில் எனக்கு ஒரு பக்கமும் எடுக்கத் தோன்றவில்லை. இரண்டு குழுவும் நீளம் என்று அளப்பது இரண்டு வேறு பொருள்களை.

பழைய நட்சத்திரங்கள் சொல்லும் வேறு கதை

ஆர்ஆர் லைரா என்ற துடிக்கும் நட்சத்திரங்கள் பத்து பில்லியன் ஆண்டுக்கு மேல் வயதானவை. தூரம் அளக்க நல்லவை. 2013-இல் டேக்கானி குழு விவிவி தரவில் இவற்றைப் பார்த்து, பட்டை வடிவம் பெரிதாக இல்லை, உருண்டையாகத்தான் பரவியிருக்கின்றன என்றது. 2015-இல் பியெட்ருகோவிச் குழு ஓகிள் தரவில் அதே வகை நட்சத்திரங்களைப் பார்த்து, சுமார் 20° சாய்ந்த நீள்வட்டம் என்றது. ஒரே வகை நட்சத்திரம், ஒரே திசை, இரண்டு உருவம். தூசித் திருத்தமும் தூரக் கணக்கும் இரண்டு குழுவிலும் வேறு.

ஆனால் பழையவை இளையவற்றைவிடக் குறைவாகப் பட்டையைப் பின்பற்றுகின்றன என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. 2017-இல் விக்டர் டெபட்டிஸ்டா குழு அதற்கு ஓர் அழகான காரணம் சொன்னது: பட்டை உருவாகும்போது ஏற்கெனவே தாறுமாறாக அலைந்துகொண்டிருந்த நட்சத்திரங்கள் பலவீனமான பட்டையாகவும், சீராகச் சுற்றியவை வலுவான பட்டையாகவும் பிரிந்துவிடும். தனியாகப் பிறந்த ஒரு பழைய உருண்டைப் புடைப்பு தேவையில்லை. ஜுன்டாய் ஷென் குழு 2010-இல் நட்சத்திர வேகங்களைப் பொருத்திப் பார்த்து, அப்படி ஓர் உருண்டைப் புடைப்பு இருந்தாலும் அதன் எடை பால்வீதியின் தட்டையான வட்டின் எடையில் 8 சதவீதத்துக்கு மேல் போகாது என்று காட்டியிருந்தது.

இதற்கும் உள்ளே, சுமார் 200 பார்செக் அளவில், நட்சத்திரங்களின் தனி வட்டு ஒன்று சுற்றுகிறது. அதன் நடுவில் 43 லட்சம் சூரிய எடை கொண்ட சாஜிட்டேரியஸ் ஏ ஸ்டார் கருந்துளை. பட்டைக்குள் இன்னொரு குட்டிப் பட்டை இருக்கிறதா என்று 2001-இல் அலார்டும் 2005-இல் நிஷியாமா குழுவும் கேட்டார்கள். ஒரே பட்டையின் நடுப்பகுதி உருண்டு இருந்தாலே அப்படித் தோற்றம் வரும் என்று 2012-இல் கெர்ஹார்டும் மார்ட்டினஸ்-வல்புவெஸ்டாவும் காட்டினார்கள். தளத்தை ஒட்டி, தூசிக்குள் அளக்க வேண்டிய வேலை என்பதால் இதை வீட்டில் இருந்து செய்யச் சொல்ல மாட்டேன்.

கயாவின் நான்காம் தரவு வெளியீடு 2026 டிசம்பரில் என்று திட்டமிட்டிருக்கிறார்கள். அதற்குள் மைனஸ் 8° ஹிஸ்டோகிராமைப் போட்டு முடித்துவிடுங்கள். அடுத்து வரும் ஒவ்வொரு கட்டுரைக்கும் நோட்டில் ஆறு பத்தி போதும்: நட்சத்திர வகை, தீர்க்கரேகை, அட்சரேகை, தூசிக்கு எடுத்த எண், மையத்துக்கு எடுத்த தூரம், பட்டையின் தடிமனுக்கு எடுத்த அனுமானம். கடைசிப் பத்தியைத் தேடுவதுதான் கஷ்டம். சுருக்கத்தில் இருக்காது, மாதிரியை விவரிக்கும் பகுதிக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.